சுவர்க் கல்லறை சிங்கப்பூரில் கிடைக்குமா?

கேள்வி: எனக்கு வயது 56, என் தந்தைக்கு 84. நாங்கள் உட்லண்ட்சில் வசிக்கும் கத்தோலிக்கத் தமிழர்கள். அம்மா 2014-இல் காலமானபோது, அவர் விருப்பப்படியே மண்டாயில் தகனம் செய்து, பங்குக் கோயிலின் அஸ்தி மாடத்தில் இரண்டு கலசங்கள் கொள்ளும் மாடம் ஒன்றை வாங்கி அங்கே வைத்தோம். மண்டாயில் அம்மாவின் பெட்டி உள்ளே போவதைப் பார்த்ததிலிருந்து அப்பா தன்னை எரிக்கவே கூடாது என்று சொல்லிவருகிறார். போன ஆண்டு கலிபோர்னியாவில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது, தம்பியின் மாமியாரைப் பெட்டியோடு பளிங்குச் சுவருக்குள் வைத்து மூடியதைப் பார்த்தார். இப்போது மண்ணிலும் புதைக்க வேண்டாம், அதுபோலச் சுவரில் வையுங்கள் என்கிறார். எரிப்பதுதான் முறை என்று அண்ணனும், கலிபோர்னியாவுக்கு அனுப்பிவிடலாம் என்று தம்பியும் சொல்கிறார்கள். இங்கே அப்படி ஒரு வசதி உண்டா? சுவருக்குள் உடல் கெடாமல் இருக்குமா? வாடை வராதா? திருச்சபை இதை ஏற்குமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதல் கேள்விக்கு விடை, இல்லை என்பதுதான். உடலைப் பெட்டியோடு தரைக்கு மேலே சுவர் அறையில் வைத்து மூடும் முறை சிங்கப்பூரில் பொதுமக்களுக்குக் கிடைப்பதில்லை. புதிய அடக்கங்களுக்கு இன்று இங்கே திறந்திருக்கும் பொதுக் கல்லறைத் தோட்டம் சுவா சூ காங் ஒன்றே. அங்கே அடக்கம் நிலத்துக்குள்தான் நடக்கிறது. ஆனால் இதை மட்டும் அப்பாவிடம் போய்ச் சொன்னால் அவர் மனம் ஆறாது. அவர் சுவரைக் கேட்பதற்குப் பின்னால் மூன்று அச்சங்கள் இருப்பதாக உங்கள் கடிதத்திலிருந்து எனக்குப் படுகிறது: நெருப்பு, ஈரமண், பிற்பாடு யாராவது தோண்டி எடுத்துவிடுவார்களோ என்ற கவலை. முதல் இரண்டுக்கும் இங்கேயே ஓரளவு வழி இருக்கிறது. மூன்றாவதற்கு, நீங்கள் எந்த நாட்டுக்குப் போனாலும் முழுமையான உத்தரவாதம் கிடைக்காது.

அவர் பார்த்த கட்டடம் எப்படி இயங்குகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். கம்பி வைத்த கான்கிரீட்டால் சிறு அறைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பல வரிசை உயரத்துக்கு அடுக்கிக் கட்டியிருப்பார்கள். ஓர் அறை ஏறத்தாழ முக்கால் மீட்டர் அகலமும், அதைவிடச் சற்றுக் குறைவான உயரமும், இரண்டேகால் மீட்டர் நீளமும் உடையது. ஒரு பெட்டி நுழைவதற்கு மட்டுமே இடம். பெட்டியை உள்ளே தள்ளியபின் முதலில் ஒரு தகட்டால் வாயை அடைத்து, விளிம்பைச் சுற்றிப் பசை பூசி, அதற்கு வெளியே பெயர் பொறித்த பளிங்கு அல்லது கருங்கல் பலகையைத் திருகாணிகளால் பொருத்துவார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் கண்ணில் படுவது அந்தக் கடைசிப் பலகை மட்டும்தான். கணவன் மனைவிக்கென்று அக்கம்பக்கமாக இரட்டை அறைகள் உண்டு. ஒருவரின் கால்மாட்டில் மற்றவர் வரும்படி நீளவாக்கில் இரண்டு பெட்டிகள் கொள்ளும் ஆழமான அறைகளும் உண்டு. சில இடங்களில் இவை திறந்தவெளியில் மதில்போல நிற்கின்றன. சில இடங்களில் தேவாலயம் போன்ற மண்டபத்துக்குள் இருக்கின்றன. வசதி படைத்த குடும்பங்கள் தமக்கென்று தனிக் கட்டடமே எழுப்பிக்கொள்வதும் உண்டு. விலையில் வரிசைக்கு வரிசை வேறுபாடு இருக்கும். நிற்பவரின் நெஞ்சுக்கும் கண்ணுக்கும் நேராக வரும் வரிசைகள்தாம் விலை அதிகம்; குனிந்து பார்க்க வேண்டிய அடிவரிசையும், ஏணி இல்லாமல் ஒரு பூவைக்கூட வைக்க முடியாத உச்சி வரிசையும் மலிவு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் மேல்மாடிக்குக் கூடுதல் விலை கொடுத்துப் பழகிய நமக்கு இந்தக் கணக்கு தலைகீழாகத் தோன்றும்.

வாடையைப் பற்றிக் கேட்டது மிகவும் சரியான கேள்வி. விற்பவர்கள் இதைத் தாமாகப் பேசுவதில்லை. மண்ணுக்குள் உடல் சிதையும்போது வெளிவரும் நீரையும் வாயுவையும் சுற்றியுள்ள மண் வாங்கிக்கொள்கிறது. சுவர் அறையில் அப்படி வாங்கிக்கொள்ள எதுவும் இல்லை. ஆகையால் அறையின் தரையைப் பின்பக்கமாகச் சற்றே சரித்துக் கட்டி, கசியும் நீர் வடிவதற்கு வழிவிட்டு, வாயு போவதற்கு ஒரு குழாயை வெளியே கொண்டுபோகிறார்கள். ஒழுங்காகக் கட்டி ஒழுங்காகப் பராமரிக்கும் இடத்தில் வாடை வருவதில்லை என்பது உண்மை. குழாய் அடைபட்டாலோ விளிம்புப் பசை வெடித்தாலோ வாடையும் வரும், ஈக்களும் வரும், பலகையின் ஓரத்தில் கறையும் இறங்கும். இதில் விந்தை என்னவென்றால், ரப்பர் விளிம்பு வைத்துக் காற்றுப் புகாமல் மூடும் விலையுயர்ந்த உலோகப் பெட்டிகள்தாம் சுவர் அறைக்குள் அதிகத் தொல்லை கொடுப்பவை. காற்றோட்டமே இல்லாத பெட்டிக்குள் உடல் உலராமல் கூழாகிறது. வாயு வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறிக்கொண்டே போய்ச் சில வேளைகளில் பெட்டியே பிளந்துவிடுகிறது. சிறிதளவு காற்று ஓடும் அறையில், சாதாரணப் பெட்டிக்குள், உடல் மெதுவாக உலர்ந்துபோவதே நல்ல முடிவு என்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள்.

அதாவது, சுவருக்குள் வைத்தாலும் உடல் கெடத்தான் செய்யும். பதப்படுத்துதல் என்பது உறவினர்கள் வந்து சேரும்வரை, இறுதித் திருப்பலி முடியும்வரை உடலைத் தாங்கவைக்கும் ஏற்பாடு. அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. அமெரிக்காவில் 1984 முதல் நடப்பில் இருக்கும் இறுதிச்சடங்குத் தொழில் விதி, எந்தப் பெட்டியோ பதப்படுத்தும் முறையோ உடலைக் காலவரையின்றிக் காக்கும் என்று சொல்லி விற்பதைத் தடை செய்கிறது. அப்படிச் சொல்லி விற்றவர்கள் இருந்ததால்தான் அந்த விதியே தேவைப்பட்டது. மாஸ்கோவில் லெனினின் உடல் 1924-இலிருந்து கிடத்தப்பட்டிருக்கிறதே என்று யாராவது சொன்னால், அந்த உடலுக்காக அறிவியலாளர் குழு ஒன்று தலைமுறை தலைமுறையாக வேலை செய்துவருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனி மூன்றாவது கவலைக்கு வருகிறேன். தரைக்கு மேலே அடக்கம் செய்யும் வழக்கம் நெடுங்காலமாக வேரூன்றிய ஊர்களைப் பார்த்தால், அங்கெல்லாம் பெரும்பாலும் அறை நிரந்தரமாக இருந்ததில்லை. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம் இதற்குப் பேர்பெற்றது. 1789-இல் தொடங்கிய அதன் பழைய கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் குடும்பக் கல்லறைகள் சிறு வீடுகளைப் போல வரிசையாக நிற்கின்றன. கோடை வெயிலில் அந்தச் செங்கல் அறைகள் கொதிக்கும். உடல் விரைவில் சிதைந்து எலும்பாகிவிடும். ஓராண்டும் ஒருநாளும் கழிந்தபின் அறையைத் திறந்து, எலும்புகளைப் பின்னுக்கோ கீழே உள்ள குழிக்கோ தள்ளிவிட்டு, அதே குடும்பத்தின் அடுத்த உடலுக்கு இடம் செய்வது அங்குள்ள வழக்கம். ஒரே அறையில் பல தலைமுறைகள் இருப்பது இப்படித்தான். மணிலாவின் பொதுக் கல்லறைகளில், அடுக்குமாடி என்றே மக்கள் பெயர் சொல்லும் கான்கிரீட் அறைகள் ஐந்தாண்டு வாடகைக்கு விடப்படுகின்றன. கெடு முடிந்து குடும்பம் புதுப்பிக்காவிட்டால் எலும்புகள் வெளியே எடுக்கப்படும். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் நகராட்சிகள் சுவர் அறைகளைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குத்தான் கொடுக்கின்றன. கலிபோர்னியாவில் அறை நிரந்தரமாக விற்கப்படுவது மெய்தான். பராமரிப்புக்கென்று விலையில் ஒரு பகுதியை அறக்கட்டளை நிதியில் போட வேண்டும் என்ற விதியும் உண்டு. இருந்தாலும் கான்கிரீட்டுக்கும் பசைக்கும் ஆயுள் இருக்கிறது. நிதி வற்றினால் கட்டடம் பாழாகிறது. அப்படிப் பாழான பழைய தனியார் கல்லறை மாளிகைகள் அமெரிக்காவில் பல ஊர்களில் உண்டு.

இங்கே ஒரு சிறு விலகல். சுவர்க் கல்லறை என்றதும் நம்மவர்கள் பலரும் சென்னை மெரினாவை நினைத்துக்கொள்கிறார்கள். அங்கே 1969-இல் அண்ணா, 1987-இல் எம்.ஜி.ஆர்., 2016-இல் ஜெயலலிதா, 2018-இல் கருணாநிதி ஆகியோர் நிலத்துக்குள்தான் அடக்கம் செய்யப்பட்டார்கள்; நாம் மலர் வைப்பது மேலே எழுப்பிய மேடையில். தாஜ்மகாலிலும் பார்வையாளர்கள் காணும் பளிங்குப் பேழைகள் வெறுமையானவை, உண்மையான கல்லறைகள் அவற்றுக்கு நேர்கீழே உள்ள அறையில் இருக்கின்றன. மேலே எழும் கட்டடம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் உடல் மண்ணுக்கே போனது என்பதை அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். அவர் தலைமுறைக்கு இந்தப் பெயர்கள் நெருக்கமானவை.

சிங்கப்பூர் நடைமுறை இது. 1998 நவம்பர் முதல் நடப்பில் இருக்கும் கொள்கைப்படி ஒரு கல்லறைக்கு 15 ஆண்டுகள். அதன்பின் தேசிய சுற்றுப்புற வாரியம் அதைத் தோண்டி எடுக்கும். சமயம் தகனத்தை அனுமதிக்கும் சமூகத்தவரின் எச்சங்கள் எரிக்கப்பட்டு அஸ்தியாகக் குடும்பத்தின் கைக்கு வரும். சமயப்படி அடக்கமே வேண்டியவர்களின் எச்சங்கள் சிறிய குழிகளில் மறு அடக்கம் செய்யப்படும். கத்தோலிக்கர்கள் முதல் வகையில் அடங்குவார்கள். இதைக் கேட்டுக் கோபப்படும் குடும்பங்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். அவர்கள்மீது எனக்குக் குறையில்லை. ஆனால் 15 ஆண்டு வரம்பு வருவதற்கு முந்திய கல்லறைகளும் இங்கே நிலைக்கவில்லை. பிடாடரி கல்லறைத் தோட்டம் 1972-இல் மூடப்பட்டது, பின்னர் 2001-இலிருந்து தோண்டி எடுக்கப்பட்டு இன்று வீவக நகராக வளர்ந்திருக்கிறது. தெங்கா ஆகாயப் படைத்தளத்தை விரிவாக்குவதற்காகச் சுவா சூ காங் கல்லறை நிலத்தில் ஏறத்தாழ 100 ஹெக்டர் எடுத்துக்கொள்ளப்படும் என்று 2017-இல் அறிவிக்கப்பட்டபோது, அதனால் பாதிக்கப்படும் சீன, முஸ்லிம் கல்லறைகளின் எண்ணிக்கை 80,000-ஐத் தாண்டியது. இந்தத் தீவில் முன்கூட்டியே நாள் குறித்துத் தெரிந்துகொண்டு காத்திருப்பது, எதிர்பாராமல் ஒருநாள் நாளிதழில் அறிவிப்பைப் படிப்பதைவிட மேல் என்பது என் கருத்து.

ஈரமண்ணைப் பற்றிய அச்சத்துக்கு ஓரளவு ஆறுதல் உண்டு. 2007 முதல் சுவா சூ காங்கில் பின்பற்றப்படும் முறையில், கான்கிரீட் அறைகளை நிலத்துக்குள் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் வரிசையாக முன்கூட்டியே பதித்து வைத்திருக்கிறார்கள். நிலத்தை மிச்சப்படுத்துவதற்காகத்தான் இது கொண்டுவரப்பட்டது. ஆனாலும் பக்கங்களில் மண் சரிந்து பெட்டியை அழுத்தும் பழைய குழியைப் போன்றதன்று அது. நாலாபுறமும் கான்கிரீட் சுவர் நிற்கும். உங்கள் தந்தையார் பார்த்த அறையை நிலத்துக்குள் இறக்கிவைத்ததாகவே அவரிடம் விளக்கலாம், அதில் பொய் இல்லை. நீர் அறவே புகாது என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். நம் ஊர் மழைக்கு நான் அப்படிச் சொல்லத் துணியமாட்டேன். பெட்டி அந்த அறையின் அளவுக்குள் அடங்க வேண்டும் என்பதால், அமெரிக்காவில் பார்த்த அகலமான பெட்டிதான் வேண்டும் என்று அவர் கேட்டால், வாங்குவதற்கு முன் அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இடத்தை உயிரோடு இருக்கும்போதே பதிந்து வைக்கவோ, இன்னார் பக்கத்தில் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கவோ முடியாது, வரிசைப்படிதான் கிடைக்கும். பெரியவர் ஒருவரின் அடக்கத்துக்கு வாரியத்தின் கட்டணம் 940 வெள்ளி, அரசாங்கத் தகனத்துக்கு 100 வெள்ளி. உங்கள் அண்ணன் செலவை நினைத்துத் தகனத்தைச் சொல்கிறார் என்றால், மொத்தச் செலவில் இந்த வேறுபாடு சிறியது என்பதை அவரும் தெரிந்துகொள்ளட்டும். பெட்டி, ஊர்தி, புளோக்கின் கீழே போடும் கூடாரம், சாப்பாடு ஆகியவைதாம் தொகையை ஏற்றுகின்றன.

திருச்சபை சுவர்க் கல்லறையை ஏற்கிறதா என்பதில் ஐயமே வேண்டாம். அமெரிக்க மறைமாவட்டங்கள் பலவும் அத்தகைய கட்டடங்களைத் தாமே நடத்துகின்றன. லாஸ் ஏஞ்சலிசில் 2002-இல் திறக்கப்பட்ட பேராலயத்தின் அடியிலேயே அப்படிப்பட்ட அறைகள் இருக்கின்றன. நெருப்பைப் பற்றி அப்பாவிடம் பேசும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். கத்தோலிக்கர்கள் தகனம் செய்துகொள்வதற்கு இருந்த தடையை வத்திக்கான் 1963-இல்தான் தளர்த்தியது. அப்போது அவருக்கு இருபது வயதைத் தாண்டியிருக்கும். எரிப்பது பாவம் என்றே கேட்டு வளர்ந்திருப்பார். ஆகவே அவருடைய மறுப்பை வயோதிகப் பிடிவாதம் என்று எண்ண வேண்டாம், அவருக்கு மறைக்கல்வி வகுப்பில் கற்பிக்கப்பட்டதே அதுதான். இன்றும் திருச்சபை உடலடக்கத்தையே விரும்புகிறது, தகனத்தை அனுமதிக்கிறது. அஸ்தியை வீட்டில் வைத்துக்கொள்வதும் கடலில் தூவுவதும் கூடாது, புனிதமான இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016-இல் வெளிவந்த அறிவுரை வலியுறுத்துகிறது. 2023-இல் சில தளர்வுகள் வந்தபோதும் அந்த அடிப்படை மாறவில்லை.

பங்குத்தந்தை உங்கள் வீட்டுக்கு வரும்போது அவரைக்கொண்டே இன்னொன்றையும் சொல்லவைக்கலாம். ஆண்டவரின் உடல் வைக்கப்பட்டது மண்குழியில் அல்ல, பாறையில் வெட்டிய அறையில். அப்பாவின் ஆசைக்கு இதைவிடப் பெரிய முன்மாதிரி இல்லை. அதே காலத்து எருசலேமில், அத்தகைய பாறை அறையில் உடலை வைத்து, ஏறத்தாழ ஓராண்டு கழித்து எலும்புகளைத் திரட்டிச் சிறு கற்பேழைக்குள் இட்டு, அறையை அடுத்தவருக்குப் பயன்படுத்துவது யூதக் குடும்பங்களின் வழக்கமாக இருந்தது. எலும்பை எடுத்து வேறிடத்தில் வைப்பது இறந்தவருக்குச் செய்யும் அவமதிப்பு என்று அந்த ஊரில் எவரும் கருதவில்லை.

கலிபோர்னியாவுக்கு அனுப்பும் யோசனை நடைமுறையில் முடியாதது அல்ல. உடலைப் பதப்படுத்திய சான்றிதழ், காற்றுப் புகாமல் மூடிய பெட்டிக்கான சான்றிதழ், வாரியத்தின் ஏற்றுமதி அனுமதி, விமானச் சரக்குக்கான ஏற்பாடு, அங்குள்ள கல்லறை நிர்வாகம் கேட்கும் தாள்கள் ஆகியவற்றை எங்களைப் போன்ற இறுதிச்சடங்கு ஏற்பாட்டாளர்கள் செய்து தருவோம். விமானத்துக்காக இறுக மூடிய அந்தப் பெட்டியே சுவர் அறைக்கு ஒவ்வாதது என்று மேலே சொன்னேன். போய்ச் சேர்ந்ததும் பெட்டியை மாற்ற வேண்டிவரலாம், அதற்கும் செலவு. இவை எல்லாவற்றையும்விட, கல்லறைத் திருநாளான நவம்பர் 2-ஆம் தேதி அங்கே மெழுகுவர்த்தி ஏற்ற யார் போவார்கள் என்று தம்பியிடம் கேளுங்கள். அவருக்கு வேலை மாறி வேறு மாநிலத்துக்குப் போய்விட்டால், நீங்கள் இருவரும் இங்கே, அம்மாவின் அஸ்தி இங்கே, அப்பா மட்டும் யாரும் இல்லாத ஊரில். நான் இந்த வழியைப் பரிந்துரைக்கமாட்டேன்.

நான் சொல்லும் வழி இதுதான். இறக்கும்போது எரிக்கமாட்டோம் என்று அப்பாவுக்கு இப்போதே உறுதி கொடுங்கள். சுவா சூ காங்கில் கான்கிரீட் அறையில் அடக்கம் செய்யுங்கள். 15 ஆண்டு கழித்து எஞ்சியிருப்பது பெரும்பாலும் எலும்புகள் மட்டுமே. அவற்றைத் தகனம் செய்து வரும் கலசத்தை, அம்மா இருக்கும் அதே மாடத்தில் இரண்டாவது இடத்தில் வையுங்கள். அவர் கேட்ட தரைக்குமேல் உள்ள பளிங்குச் சுவரும், மனைவியின் பக்கத்து இடமும் அந்தக் கட்டத்தில் அவருக்குக் கிடைத்துவிடும். இதை அவரிடம் மறைக்காமல் முழுவதுமாகச் சொல்லுங்கள். பின்னால் வரும் தகனத்தை மட்டும் விழுங்கிவிட்டுப் பாதி உண்மையைச் சொல்லி ஒப்புதல் வாங்குவது, கேட்பதற்கு எளிதாக இருந்தாலும், செய்யத் தகாதது. கேட்டபிறகும் அவர் மறுத்தால், தம்பியின் யோசனையை மறுபடியும் எடுத்துப் பேசலாம்.

இதற்கு இரண்டு முன்னேற்பாடுகள் தேவை. உடலை என்ன செய்வது என்பதை உயிலில் எழுதிவைத்தாலும், பொதுவாக அது சட்டப்படி பிள்ளைகளைக் கட்டுப்படுத்தாது. ஆகவே நீங்கள் மூவரும் அவர் முன்னிலையிலேயே ஒத்துக்கொண்டு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். அடுத்து, தோண்டி எடுக்கும் காலம் வரும்போது யாரும் உரிமை கோராத எச்சங்களை வாரியமே தகனம் செய்து, சில காலம் வைத்திருந்து, பிறகு கடலில் தூவிவிடும். திருச்சபை வேண்டாம் என்று சொல்வது அதைத்தான். அப்போது உங்களுக்கே எழுபதைத் தாண்டியிருக்கும், அண்ணனுக்கு இன்னும் கூடுதல். ஆதலால் அடக்க ஆவணங்களின் பிரதியையும் கல்லறை எண்ணையும் உங்கள் பிள்ளைகளில் ஒருவரிடம் இப்போதே ஒப்படைக்கத் திட்டமிடுங்கள். மாடத்தின் ஒப்பந்தத்தையும் தேடி எடுங்கள். கோயில் நிலங்கள் பல இங்கே 30 ஆண்டுக் குத்தகையில் இருப்பவை; மாடத்தின் காலவரம்பு என்ன, இரண்டாவது கலசத்துக்கு யார் பெயர் பதிவாகியிருக்கிறது, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பவற்றைப் பங்கு அலுவலகத்தில் கேட்டு, வாய்மொழியாக விடாமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.